இடைவெளி எங்கே உடைகிறது? சூழல் மாறிகளும் கோப்புப் பாதைகளும்

‘பாதையில் ஸ்பேஸ் இருந்தால் என்விரான்மென்ட் வேரியபிள் வேலை செய்யாது.’ மென்பொருள் நிறுவிப் பழகியவர்களில் இதைக் கேட்காதவர் இருக்க மாட்டார். அடுத்த ஆலோசனையும் தயாராக இருக்கும்: ‘கோட்ஸ் போட்டுப் பாருங்கள்.’ போட்டால் ஓரிடத்தில் சரியாகும், இன்னோரிடத்தில் இருந்ததும் கெடும். கடைசியில் ‘ஸ்பேஸ் இல்லாத ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள்’ என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

மூன்றுமே அரைகுறை உண்மைகள். இடைவெளியால் என்விரான்மென்ட் வேரியபிளுக்கு, அதாவது சூழல் மாறிக்கு, ஒரு தொந்தரவும் இல்லை. மாறிக்குள் அது பத்திரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. மாறியை வெளியே எடுத்து யாரோ ஒருவர் படிக்கிறாரே, உடைவது அங்கேதான். அந்த யாரோ யார் என்று தெரிந்துவிட்டால், மேற்கோள் குறியை எங்கே போடுவது, எங்கே போடக் கூடாது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு முன்குறிப்பு. கட்டளைகளையும் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். பாஷ் போன்ற ஷெல்களில், அதாவது நாம் அடிக்கும் கட்டளையைப் படிக்கும் நிரல்களில், மாறியின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மூன்றுக்கு மட்டுமே அனுமதி.

## பலகையும் பல கையும்

‘பலகை’ என்று ஒருவர் சொல்கிறார். கேட்பவருக்கு அது மரப்பலகையாகவும் இருக்கலாம், பல கைகளாகவும் இருக்கலாம். சொன்னவர் வாயில் இடைவெளி இருந்ததா என்பதைவிட, கேட்டவர் எங்கே பிரித்தார் என்பதுதான் பொருளை முடிவு செய்கிறது.

எழுத்திலும் இதே கதை உண்டு. ஒரு சீட்டில் இப்படி எழுதி ஒருவரிடம் கொடுக்கிறீர்கள்:

    சிவப்பு பேனா நீல உறை

மனிதர் என்றால் இரண்டு பொருள் என்று புரிந்துகொள்வார். இடைவெளி வந்தால் அடுத்த பொருள் என்று மட்டும் தெரிந்த ஒருவர் நான்கு பொருள்களைத் தேடிப் போவார். சிவப்பு என்ற பொருள் கிடைக்கவில்லை என்று திரும்பியும் வருவார். கணினி இந்த இரண்டாவது ரகம். ‘சிவப்பு பேனா’ என்பதை ஓர் உறையில் போட்டு, ‘நீல உறை’ என்பதை இன்னோர் உறையில் போட்டுக் கொடுத்தால் அவருக்கும் குழப்பம் இருக்காது. மேற்கோள் குறி செய்வது அந்த உறையின் வேலையைத்தான். இந்த உறையை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

## மாறிக்குள் என்ன இருக்கிறது?

ஒரு நிரல் தொடங்கும்போது, அதைத் தொடங்கி வைத்த நிரல் ஒரு குறிப்புக் கட்டையும் அதன் கையில் கொடுக்கிறது. ஒவ்வொரு குறிப்பும் ‘பெயர்=மதிப்பு’ என்ற வடிவில் இருக்கும். இந்தக் குறிப்புகளுக்குத்தான் சூழல் மாறிகள் என்று பெயர். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் 7ஆம் பதிப்பில் தொடங்கிய ஏற்பாடு இது. இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

மதிப்பு என்பது வெறும் எழுத்துச் சரம். அது கோப்புப் பாதையா, எண்ணா, கடவுச்சொல்லா என்று மாறிக்குத் தெரியாது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் மதிப்புக்குள் வரக் கூடாத எழுத்து ஒன்றே ஒன்றுதான்: சரம் இங்கே முடிகிறது என்று காட்டும் சுழி எழுத்து. மற்றபடி ‘அ’ எப்படியோ இடைவெளியும் அப்படியே.

கோப்புப் பெயர்களும் இதே தாராளம்தான். யூனிக்ஸ், லினக்ஸ் பக்கம் சாய்கோடும் அந்தச் சுழி எழுத்தும் தவிர எதை வேண்டுமானாலும் பெயரில் வைக்கலாம். விண்டோஸில் அச்சிடத்தக்க எழுத்துகளில் 9 மட்டும் தடை: < > : " / \ | ? * ஆகியவை. பட்டியலில் இடைவெளி இல்லை. ஆனால் இரட்டை மேற்கோள் குறி இருக்கிறது. அதாவது, மேற்கோள் குறியைப் பெயரில் கொண்ட கோப்பு விண்டோஸில் இருக்கவே முடியாது.

விண்டோஸ் 95 வருவதற்கு முன்பு பெயருக்கு 8 எழுத்து, புள்ளிக்குப் பின் 3 எழுத்து என்ற கட்டுப்பாடு இருந்தது. 1995இல் அது 255 எழுத்து வரை நீண்டது. கூடவே ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்று நடுவில் இடைவெளியுள்ள கோப்புறை ஒவ்வொரு கணினியிலும் வந்து உட்கார்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பயனரின் கோப்புகள் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற கோப்புறையில் இருந்தன. ஒரே பெயரில் இரண்டு இடைவெளி. விஸ்டாவில் அதை ‘யூசர்ஸ்’ என்று சுருக்கிவிட்டார்கள். கட்டளை எழுதிப் பிழைப்பவர்கள் அன்று பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

இதுவரை பார்த்தது: இடைவெளியைக் கோப்பு முறைமையும் தடுக்கவில்லை, மாறியும் தடுக்கவில்லை. ஆக, உடைப்பவர் வேறு யாரோ.

## பிரிப்பவர் ஷெல்

நாம் அடிக்கும் வரியைப் படித்து, சொற்களாகப் பிரித்து, முதல் சொல்லைக் கட்டளையாகவும் மீதியை அந்தக் கட்டளைக்குக் கொடுக்கும் உள்ளீடுகளாகவும் எடுத்துக்கொள்ளும் நிரல்தான் ஷெல். லினக்ஸில் பெரும்பாலும் பாஷ். அதில் ஒன்று செய்து பார்ப்போம் (எல்எஸ் என்பது கோப்புறையில் இருப்பதைப் பட்டியலிடும் கட்டளை):

    கிடங்கு="/வேலை/என் படங்கள்"
    எல்எஸ் $கிடங்கு

முதல் வரி சரி. மாறியின் மதிப்பு முழுப் பாதை, இடைவெளியோடு. இரண்டாவது வரிக்குக் கிடைக்கும் பதிலோ, ‘/வேலை/என்’ இல்லை, ‘படங்கள்’ இல்லை என்று இரண்டு பிழைகள். நடுவில் நடந்தது இது. ஷெல் முதலில் வரியைப் படித்து மேற்கோள் குறிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்கிறது. அப்புறம் டாலர் குறியிட்ட பெயரை எடுத்துவிட்டு அங்கே மதிப்பை வைக்கிறது. வைத்த இடம் மேற்கோளுக்கு வெளியே இருந்தால், வந்து விழுந்த மதிப்பை இடைவெளி, தாவல், புதுவரி கண்ட இடத்தில் எல்லாம் மறுபடி வெட்டுகிறது. இந்த மறுவெட்டுக்குப் பெயர் சொற்பிரிப்பு, வேர்ட் ஸ்ப்ளிட்டிங். கடைசியாக, முதலில் குறித்துவைத்த மேற்கோள் குறிகளை நீக்கிவிட்டுக் கட்டளையை ஓட்டுகிறது.

பாவம், எல்எஸ் கட்டளைக்கு இது எதுவும் தெரியாது. அதன் கைக்கு வந்தது இரண்டு சொற்கள், அவ்வளவுதான். தீர்வும் சின்னது:

    எல்எஸ் "$கிடங்கு"

இங்கே மேற்கோள் மதிப்பில் இல்லை, பயன்படுத்தும் இடத்தில் இருக்கிறது. உள்ளே வைக்கப்பட்ட மதிப்பை ஷெல் வெட்டாது. இரட்டை மேற்கோளாகவே இருக்கட்டும்; ஒற்றை மேற்கோள் போட்டால் டாலர் குறியும் வெறும் எழுத்தாகிவிடும். வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் அலைக்குறியும் இரட்டை மேற்கோளுக்குள் போனால் விரியாது. அது இன்னொரு சில்லறைத் தொல்லை.

மதிப்பைக் கொடுக்கும் வரியிலேயே மேற்கோளை மறந்தால் நடப்பது வேறு:

    கிடங்கு=/வேலை/என் படங்கள்

‘படங்கள் என்ற கட்டளை இல்லை’ என்று பதில் வரும். மாறி இடைவெளியை ஏற்கவில்லை என்று பலரும் முடிவு கட்டுவது இந்தப் பதிலைப் பார்த்துத்தான். உண்மையில் ஷெல் ஒரு வசதியைப் பயன்படுத்தியிருக்கிறது. ஒரு கட்டளைக்கு முன்னால் ‘பெயர்=மதிப்பு’ என்று எழுதினால், அந்த ஒரு கட்டளை ஓடும்வரை மட்டும் அந்த மாறியை வைத்துக்கொள் என்று அர்த்தம். ஆக, கிடங்கு என்பது ‘/வேலை/என்’. ஓட்ட வேண்டிய கட்டளை ‘படங்கள்’. சொன்னதைத்தான் செய்தது.

இந்த மறுவெட்டு பெரிய சேதமும் செய்திருக்கிறது. 2001 நவம்பரில் மேக்கிற்கு வந்த ஐடியூன்ஸ் 2.0 நிறுவியில், பழைய பதிப்பை நீக்கும் வரியில் ஒரு மாறி மேற்கோள் இல்லாமல் இருந்தது. டிஸ்க்கின் பெயரில் இடைவெளி ஒரு குறிப்பிட்ட விதத்தில் அமைந்திருந்தவர்களுக்கு, நீக்கும் கட்டளை தவறான இடத்தைப் பிடித்து டிஸ்க்கையே காலி செய்துவிட்டது. ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்று 2.0.1 வெளியிட்டது. 2011இல் லினக்ஸ் மடிக்கணினிகளுக்கான பம்பிள்பீ என்ற மென்பொருளின் நிறுவு நிரலிலும், நீக்க வேண்டிய பாதையின் நடுவில் தட்டச்சில் ஓர் இடைவெளி புகுந்துவிட்டது. பாதை இரண்டானது, முதல் பாதி, இயங்குதளத்தின் பெரும்பகுதி குடியிருக்கும் ‘/யூஎஸ்ஆர்’ கோப்புறை. இரண்டாவதில் மாறி எதுவும் சம்பந்தப்படவில்லை என்றாலும் வெட்டிய கத்தி அதே கத்திதான்.

இதுவரை பார்த்தது: வெட்டுவது ஷெல். வெட்டும் நேரம், மதிப்பை வெளியே எடுத்து வைக்கும் நேரம். மேற்கோள் அந்த இடத்தில் இருக்க வேண்டும்.

## உறையும் உறையின் படமும்

சரி, மதிப்புக்குள்ளேயே மேற்கோளைச் சேர்த்துவிட்டால் ஒவ்வோர் இடத்திலும் போட வேண்டியதில்லையே? எல்லோருக்கும் ஒரு முறையாவது தோன்றும் யோசனை இது.

    கிடங்கு='"/வேலை/என் படங்கள்"'
    எல்எஸ் $கிடங்கு

இப்போது கட்டளைக்குப் போகும் சொற்களை அடைப்புக்குறிக்குள் காட்டினால் இப்படி இருக்கும்:

    ["/வேலை/என்]
    [படங்கள்"]

முன்பைவிட மோசம். வெட்டும் நடந்தது, மேற்கோள் குறிகளும் துண்டுகளில் ஒட்டிக்கொண்டன. ஷெல் மேற்கோள்களைத் தேடிய கட்டம் மதிப்பு உள்ளே வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வந்து சேர்ந்த மேற்கோள் குறி, அதன் கண்ணுக்கு ‘அ’ போல இன்னோர் எழுத்துதான்.

சீட்டை உறையில் போட்டால் உறை காக்கும். சீட்டின் மேல் உறையின் படத்தை வரைந்தால் காக்காது. மதிப்புக்குள் எழுதிய மேற்கோள், உறையின் படம்.

## விண்டோஸில் வரிசையே வேறு

அப்படியானால் இந்த யோசனை ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது? சில இடங்களில் அது பலிப்பதுதான் காரணம். விண்டோஸின் பழைய கட்டளை ஜன்னலான சிஎம்டியில் வரிசை தலைகீழ். சதவீதக் குறிகளுக்கு நடுவில் எழுதிய மாறியின் பெயரை எடுத்துவிட்டு மதிப்பை வைப்பது அங்கே முதல் வேலை. அப்புறம்தான் வரியைப் படித்து மேற்கோள்களைப் பார்க்கிறது. அதனால் மதிப்புக்குள் இருந்த மேற்கோள் அங்கே நிஜ உறையாகவே வேலை செய்துவிடும். உடனே அதையே விதியாக எடுத்துக்கொண்டு எல்லா இடத்திலும் செய்யத் தொடங்குவோம்.

நானும் செய்திருக்கிறேன். ஏதோ ஒரு நிறுவல் குறிப்பைப் பார்த்து ஜாவா எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று சொல்லும் ஜாவா_ஹோம் மாறிக்கு மேற்கோளோடு மதிப்பு கொடுத்தேன். என் சின்ன நிரல்கள் ஓடின. வேறொருவர் எழுதிய பெரிய நிரல் மட்டும் ஓடவில்லை. ஒரு மாலை முழுக்கப் போன பிறகு அந்த நிரலைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒழுங்காக மேற்கோள் போட்டு எழுதியிருந்தார்கள்:

    "%ஜாவா_ஹோம்%\பின்\ஜாவா"

அதில் என் மதிப்பு போய் விழுந்ததும் இப்படி ஆனது:

    ""சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\ஜாவா"\பின்\ஜாவா"

முதல் இரண்டு குறிகளும் சேர்ந்து வெற்று உறை. அதற்குள் ஒன்றுமில்லை; பாதை வெளியே நிற்கிறது; இடைவெளியில் வெட்டு. ஒழுங்காக எழுதிய நிரலை என் முன்ஜாக்கிரதைதான் கெடுத்தது. மேற்கோள் குறி விண்டோஸ் கோப்புப் பெயரில் வரவே முடியாது என்று மேலே பார்த்தோமே, அதை வைத்துப் பார்த்தாலே புரியும்: மேற்கோளோடு இருக்கும் மதிப்பு ஒரு பாதையே அல்ல.

ஆகவே கணினி அமைப்புகளில் சூழல் மாறிக்கான பெட்டியில் மதிப்பை வெறுமனே எழுதுங்கள், மேற்கோள் வேண்டாம். சிஎம்டியில் எழுதினால் பெயரையும் மதிப்பையும் சேர்த்து உறையில் போடுங்கள்:

    செட் "கிடங்கு=சி:\என் படங்கள்"

இந்த மேற்கோள்கள் மதிப்பில் சேராது. வரியின் கடைசியில் தெரியாமல் ஓர் இடைவெளி அடித்திருந்தால் அதுவும் மதிப்பில் ஒட்டாது. கண்ணுக்கே தெரியாத அந்த வால் இடைவெளி நடுவில் இருப்பதைவிடப் பொல்லாதது.

விண்டோஸின் புதிய ஷெல்லான பவர்ஷெல் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. மாறியின் மதிப்பை அது மறுபடி வெட்டுவதில்லை. மேக்கில் இப்போது இயல்பாக வரும் இசட்-ஷெல்லும் வழக்கமாக வெட்டாது. அங்கே மட்டும் பழகியவர் தன் நிரலைப் பாஷில் ஓட்டும்போது திகைத்துப் போவார்.

விண்டோஸில் இன்னொரு நுட்பம். லினக்ஸில் ஒரு நிரலுக்கு உள்ளீடுகள் தனித்தனிச் சொற்களாகவே போய்ச் சேரும். விண்டோஸில் முழு வரியும் ஒரே சரமாகப் போகும்; பெற்றுக்கொண்ட நிரல்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓட்ட வேண்டிய நிரலின் பாதையையே மேற்கோள் இல்லாமல் கொடுத்தால் விண்டோஸ் ஊகிக்கத் தொடங்கும். ‘சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\...’ என்றால் முதலில் ‘சி:\புரோகிராம்’ என்ற நிரல் இருக்கிறதா என்று பார்க்கும். அந்தப் பெயரில் ஒருவர் ஒரு தீய நிரலை வைத்துவிட்டால் அதுவே ஓடிவிடும். பின்னணிச் சேவைகளின் பாதைகளில் இந்த ஓட்டை இன்றும் பாதுகாப்புச் சோதனைகளில் தேடப்படுகிறது.

## எல்லா இடைவெளியும் ஒன்றல்ல

மாறிகளில் மூன்று ரகம் உண்டு. ஜாவா_ஹோம் போன்றவை ஒரே ஒரு பாதையைச் சொல்பவை. அவற்றில் இடைவெளி பெயரின் ஒரு பகுதி.

இரண்டாவது ரகம் பாத். கட்டளைகளைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியல் அது. லினக்ஸில் முக்காற்புள்ளியும் (:) விண்டோஸில் அரைப்புள்ளியும் (;) பிரிப்பான்கள். இடைவெளி இங்கே யாரையும் பிரிக்காது; மேற்கோள் இல்லாமலே இருக்கலாம். லினக்ஸில் பாத் மாறிக்கு ஆபத்தான எழுத்து முக்காற்புள்ளிதான். பெயரில் அது உள்ள கோப்புறையைப் பட்டியலில் சேர்க்க வழியே இல்லை. இடைவெளிக்குப் பயப்படும் அளவில் பாதியாவது இதற்குப் பயப்படலாம், ஆனால் யாரும் அப்படிப் பெயர் வைப்பதில்லை.

மூன்றாவது ரகம்தான் வில்லங்கம். சி மொழித் தொகுப்பிக்கான சிஃப்ளாக்ஸ், உரை எழுத எந்த நிரலைத் திறப்பது என்று சொல்லும் எடிட்டர் போன்ற மாறிகள். இவற்றுக்குள் பல சொற்கள் இருக்கும். அவை இடைவெளியில் வெட்டப்பட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. எடிட்டர் மாறியில் நிரலின் பெயரும் அதற்கான ஒரு தேர்வும் சேர்ந்து இருப்பது வழக்கம். அங்கே இடைவெளியுள்ள பாதையை வைத்தால், எது பெயரின் இடைவெளி, எது பிரிக்கும் இடைவெளி என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? நிரல்களின் பதிப்புகளைக் காத்து வைக்கும் கிட் போன்ற நிரல்கள் அந்த மதிப்பை ஷெல்லிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லும். அப்போது மதிப்புக்குள் இருக்கும் மேற்கோள் பலிக்கும். எல்லா நிரலும் அப்படிச் செய்வதில்லை. மூல நிரல்களைத் தொகுக்கும் வேலையை நடத்தும் குனு மேக் கருவியோ கோப்புப் பட்டியல்களை இடைவெளியில் வெட்டியே பழகியது. அதனிடம் வாதாடிப் பயனில்லை; ‘ஸ்பேஸ் இல்லாத ஃபோல்டருக்கு மாற்றுங்கள்’ என்ற ஆலோசனை நூற்றுக்கு நூறு பொருந்தும் இடம் அதுதான்.

இதுவரை பார்த்தது: ஒரு பாதை என்றால் பயன்படுத்தும் இடத்தில் மேற்கோள். பாத் பட்டியல் என்றால் கவலை இல்லை. சொற்பட்டியல் என்றால் அதைப் படிக்கும் நிரலின் விதியைப் பார்க்க வேண்டும்.

## கோப்பில் எழுதி வைக்கும்போது

மாறிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து ஏற்றுவதும் வழக்கம். அந்தக் கோப்பைப் படிப்பது ஷெல்லாக இருக்க வேண்டியதில்லை, அதனால் ஷெல்லின் விதி அங்கே செல்லாமல் போகலாம். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும் டாக்கரின் ரன் கட்டளையிடம் மாறிக் கோப்பைக் கொடுத்தால் மேற்கோள் குறிகளை அப்படியே மதிப்பில் சேர்த்துவிடும். அதே குடும்பத்தின் டாக்கர் கம்போஸ் அவற்றை நீக்கிவிடும். லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் என்விரான்மென்ட் என்ற வரியில் இடைவெளியுள்ள மதிப்பு வந்தால், பெயரையும் சேர்த்து மேற்கோளுக்குள் வைக்கலாம். இல்லாவிட்டால் அடுத்த மாறி தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும்.

## உண்மையில் என்ன போகிறது?

மாறியில் இருப்பதை எக்கோ கட்டளையால் அச்சிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. மேற்கோள் இல்லாமல் செய்தால் எக்கோ பொய் சொல்லும். ஷெல் வெட்டிக் கொடுத்த துண்டுகளை அது ஒற்றை இடைவெளி விட்டு மறுபடி ஒட்டி அச்சிடுவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். இரண்டு இடைவெளி ஒன்றாகச் சுருங்கும், வால் இடைவெளி காணாமல் போகும். பிரிண்ட்எஃப் கட்டளையில் ஒவ்வொரு சொல்லையும் சதுர அடைப்புக்குறிக்குள் தனி வரியில் அச்சிடச் சொல்லுங்கள். மேலே நான் காட்டிய இரண்டு வரிகள் அப்படிக் கிடைப்பவைதான். எத்தனை அடைப்பு வருகிறதோ அத்தனை சொற்கள் கட்டளைக்குப் போகின்றன.

என் கணினியில் சோதனைக்கான கோப்புறைக்கு ‘சோதனை இடம் 2’ என்று வேண்டுமென்றே பெயர் வைத்திருக்கிறேன். புதிதாக எழுதும் எந்த நிரலும் முதலில் அங்கேதான் ஓட வேண்டும். மேற்கோள் விட்டுப்போயிருந்தால் ‘இடம்’ என்று ஒன்று இல்லை, ‘2’ என்று ஒன்று இல்லை என்ற புகார் முதல் ஓட்டத்திலேயே வந்துவிடும். குனு மேக் தேவைப்படும் வேலைகளுக்கு மட்டும் பக்கத்தில் இன்னொரு கோப்புறை. அதன் பெயர் ‘சோதனை_இடம்’.